பாட்டியின் புதிய முகவரி

படிக்கும் முன் சிந்தியுங்கள்
• உங்கள் குடும்பத்தில் உள்ள மூத்தோர் தங்கள் பகல் பொழுதை எவ்வாறு கழிக்கிறார்கள்?
• முதுமையில் எங்கு வாழ்வது என்பதை யார் முடிவுசெய்ய வேண்டும்?

(உயர்நிலை மூன்றில் பயிலும் மாணவி ஒருத்தி, 'மூத்தோர் பராமரிப்பு' என்னும் ஒப்படைப்பை முடித்த பிறகு எழுதிய கட்டுரை.)

1. ஞாயிற்றுக்கிழமைச் செய்தி

அது 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். நான் அப்போது தொடக்கநிலை ஐந்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதிய உணவுக்குச் சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்தார்கள். பாட்டி இரண்டாவது முறையாக ரசத்தைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே, மிகச் சாதாரணமாகச் சொன்னார்.

"புக்கிட் பாத்தோக்கில் மூத்தோருக்கென்று புதிய வீடுகள் கட்டப்போகிறார்களாம். நான் விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறேன்."

யாரும் பேசவில்லை. அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். முதலில் பேசியவர் சித்தப்பாதான்.

"இரண்டு மகன்கள் இருக்கும்போது அம்மா தனி வீட்டில் இருந்தால், நான்கு பேர் என்ன பேசுவார்கள்?"

பாட்டி சித்தப்பாவை நிமிர்ந்து பார்த்தார். "அந்த நான்கு பேரும் காலை ஏழு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை என்னோடு உட்கார்ந்து பேசுவார்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. எங்கள் உட்லண்ட்ஸ் வீட்டில் காலை ஏழு மணிக்குள் எல்லாரும் கிளம்பிவிடுவோம். அப்பா தொழில்நுட்பராகப் பணிபுரிகிறார். அம்மா பாலர் பள்ளி ஆசிரியர். நானும் தம்பியும் பள்ளிக்குச் சென்றுவிடுவோம். பிறகு அந்த வீட்டில் இருப்பவை பாட்டியும் வானொலியும்தான்.

2. குளியலறையில் இரண்டு மணி நேரம்

அந்தச் செய்திக்கு ஒரு மாதத்துக்கு முன்பு, பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். எங்கள் குளியலறை வாசலில் சிறிய படி ஒன்று இருந்தது. பல ஆண்டுகள் தாண்டிச் சென்ற படிதான். அன்று ஈரக்கால் தடுக்கியது. எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால், அவரால் எழுந்திருக்க முடியவில்லை. கைத்தொலைபேசி வரவேற்பறையில் இருந்தது. தம்பி பள்ளியிலிருந்து திரும்பும்வரை, ஏறக்குறைய இரண்டு மணி நேரம், ஈரத்தரையிலேயே கிடந்தார்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் அப்பா உடனே செயல்பட்டார். வீவக செயல்படுத்தும் ஒரு திட்டம் 2012-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. மூத்தோர் வசிக்கும் வீடுகளில் கைப்பிடிகள் பொருத்துதல், குளியலறைத் தரை வழுக்காதவாறு செய்தல், படி இருக்கும் இடத்தில் சாய்தளம் அமைத்தல் ஆகியவற்றை அத்திட்டத்தின்கீழ்ச் சலுகைக் கட்டணத்தில் செய்துகொள்ளலாம். எங்கள் வீட்டிலும் அவை செய்யப்பட்டன.

அதோடு, பணிப்பெண் ஒருவரை அமர்த்தலாம் என்றும் அப்பா சொன்னார். பாட்டி மறுத்துவிட்டார்.

"எனக்குச் சமைக்கத் தெரியும், குளிக்க முடியும், கடைக்குப் போகவும் முடியும். இவை எல்லாவற்றையும் இன்னொருவர் செய்தால், ஓராண்டில் நான் எதையும் செய்ய முடியாதவளாகிவிடுவேன். எனக்கு வேண்டியது வேலைக்கு ஆள் இல்லை. விழுந்தால் யாருக்காவது தெரிய வேண்டும். அவ்வளவுதான்."

பாட்டி அன்று சொன்னதன் பொருள் எனக்குப் பல ஆண்டுகள் கழித்து, ஒப்படைப்பு செய்தபோதுதான் விளங்கியது.

3. தோழியின் வீட்டில் ஒரு பிற்பகல்

பாட்டியின் எண்ணத்துக்கு வித்திட்டவர் அவருடைய மலாய்த் தோழி. இருவரும் இளமையில் ஒரே மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். அந்தத் தோழி, அட்மிரல்ட்டி பெருவிரைவு ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள கம்போங் அட்மிரல்ட்டியில் வசிக்கிறார். பாட்டியோடு நானும் ஒரு முறை அங்குச் சென்றிருக்கிறேன்.

2018-ஆம் ஆண்டு அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட கம்போங் அட்மிரல்ட்டி, ஒரு ஹெக்டருக்கும் குறைவான நிலத்தில் அமைந்துள்ளது. ஆனால், அங்கு இல்லாத வசதி குறைவு. தரைத்தளத்தில் நிழலான பெரிய சதுக்கம் உள்ளது. அதற்கு மேலே உணவங்காடி நிலையம். அதற்கும் மேலே மருத்துவ நிலையம். இன்னும் மேலே சென்றால், மூத்தோருக்கான நடவடிக்கை நிலையமும் குழந்தைப் பராமரிப்பு நிலையமும் அருகருகே இருக்கின்றன. கூரைப் பகுதியில் குடியிருப்பாளர்கள் செடிகொடிகளை வளர்க்கிறார்கள். இவற்றோடு இணைந்து, மூத்தோருக்கான 104 சிறிய வீடுகள் இரண்டு கட்டடங்களில் உள்ளன. இந்த வளாகம் 2018-ஆம் ஆண்டு உலகக் கட்டடக்கலை விழாவில் 'ஆண்டின் சிறந்த உலகக் கட்டடம்' என்னும் விருதைப் பெற்றது.

எனக்கு விருது பற்றியெல்லாம் அன்று தெரியாது. கீழே சிறுவர்கள் ஓடி விளையாடியதும், அவர்களைப் பார்த்துக்கொண்டே தாத்தாக்கள் காப்பி குடித்ததும்தான் நினைவில் நிற்கின்றன. திரும்பும் வழியில் பாட்டி சொன்னார்: "இங்கே யாரும் ஒதுங்கி இருப்பதுபோல் தெரியவில்லை. எல்லாரும் நடுவிலே இருக்கிறார்கள்."

4. பராமரிப்பின் படிகள்

இந்த ஆண்டு ஒப்படைப்புக்காகத் தகவல் திரட்டியபோது, ஓர் அடிப்படையான கருத்தைக் கற்றுக்கொண்டேன். முதுமை என்பது ஒரே நிலை அன்று. எழுபது வயதில் மலையேறுபவரும் உண்டு. அதே வயதில் படுக்கையிலிருந்து எழ உதவி தேவைப்படுபவரும் உண்டு. ஒரே மனிதரின் தேவையும் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். ஆகவே, பராமரிப்பும் படிப்படியாக மாற வேண்டும்.

ஒருவருக்கு எவ்வளவு உதவி தேவை என்பதை அறிய, ஆறு அன்றாடச் செயல்களைக் கவனிக்கிறார்கள். குளித்தல், உடை உடுத்துதல், உண்ணுதல், கழிவறையைப் பயன்படுத்துதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு இடம் மாறுதல் ஆகியவையே அந்த ஆறு. இவற்றுள் குறைந்தது மூன்றைப் பிறர் உதவியின்றிச் செய்ய இயலாதவர்களைக் கடுமையான உடற்குறை உடையவர்களாகக் கருதுகிறது, கேர்ஷீல்டு லைஃப் என்னும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதித் திட்டம்.

பராமரிப்பின் படிகளைப் பின்வருமாறு புரிந்துகொள்ளலாம்.

முதற்படி, சுயமாக வாழ்தல். மூத்தவர் தம் வேலைகளைத் தாமே செய்துகொள்கிறார். அவருக்குத் தேவைப்படுபவை பாதுகாப்பான வீடு, நண்பர்கள், உடற்பயிற்சி, அவசர வேளையில் ஓடிவர ஒருவர். அக்கம்பக்கத்தில் உள்ள துடிப்பாக மூப்படையும் நிலையங்கள் இந்தப் படியில் உள்ளவர்களுக்குத் துணைபுரிகின்றன.

இரண்டாம் படி, உதவியோடு வாழ்தல். குளிக்க வைப்பது, மருந்தை நினைவூட்டுவது, உணவு கொண்டுவருவது போன்ற சில வேலைகளுக்கு மட்டும் பராமரிப்பாளர் வருகிறார். மற்ற நேரங்களில் மூத்தவர் தம் விருப்பப்படி இருக்கிறார். பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்குச் சென்று மாலையில் வீடு திரும்புவோரும் இப்படியில் உள்ளவர்களே.

மூன்றாம் படி, தாதிமைப் பராமரிப்பு. இரவு பகல் பாராமல் தாதியரின் கவனிப்பு தேவைப்படுவோர் தாதிமை இல்லங்களில் தங்குகின்றனர். முதுமைக்கால மறதிநோய் முற்றியவர்களுக்கும் இத்தகைய கவனிப்பு தேவைப்படலாம்.

அமெரிக்காவில் இந்தப் படிகள் அனைத்தும் ஒரே வளாகத்தில் அமைந்த குடியிருப்புகள் உள்ளன. நல்ல உடல்நலத்தோடு இருக்கும்போதே அங்குக் குடியேறுகிறார்கள். முதலில் தனி வீட்டில் வாழ்கிறார்கள். தேவை கூடும்போது, அதே வளாகத்தில் உதவியுடன் வாழும் பகுதிக்கும், பின்னர்த் தாதிமைப் பகுதிக்கும் மாறிக்கொள்ளலாம். நண்பர்களையும் பழகிய தோட்டத்தையும் விட்டுப் பிரிய வேண்டியதில்லை. ஆனால், நுழைவுக் கட்டணமும் மாதக் கட்டணமும் பெரிதாக இருப்பதால் எல்லாராலும் அங்குச் சேர முடிவதில்லை.

நிலம் குறைந்த சிங்கப்பூரில் வேறொரு வழி பின்பற்றப்படுகிறது. இங்கே ஒரு வளாகத்துக்குள் எல்லாவற்றையும் அடக்குவதற்குப் பதிலாக, ஒரு வட்டாரத்துக்குள் அந்தப் படிகளை அமைக்க முயல்கிறார்கள். வீடு ஓரிடத்தில் இருக்கும். பகல்நேர நிலையமும் தாதிமை இல்லமும் நெருங்கிய தூரத்தில் இருக்கும். 2030-ஆம் ஆண்டுவாக்கில் சிங்கப்பூர்க் குடிமக்களுள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதினராக இருப்பார் என்று கணிக்கப்பட்டுள்ளது. எனவே, இது பாட்டி ஒருவரின் கேள்வி மட்டும் அன்று.

5. பாட்டி கேட்ட கேள்விகள்

பாட்டி குறிப்பிட்ட புக்கிட் பாத்தோக் வீடுகள், 'சமூகப் பராமரிப்பு அடுக்குமாடி வீடுகள்' எனப்படும் புதிய வகையைச் சேர்ந்தவை. வீட்டையும் பராமரிப்புச் சேவையையும் இணைத்து வழங்கும் இத்திட்டம், 2021 பிப்ரவரியில் முன்னோடித் திட்டமாக விற்பனைக்கு வந்தது. 'ஹார்மனி வில்லேஜ்' என்று பெயரிடப்பட்ட அந்தக் கட்டடத்தில் 169 வீடுகள். விண்ணப்பிப்போருக்குக் குறைந்தது 65 வயது ஆகியிருக்க வேண்டும்.

மறுவாரம் அப்பா விவரங்களைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினார். தொழிற்சாலையில் பொருள்களின் தரத்தைச் சோதித்த பாட்டி, அவற்றையும் அதேபோல் சோதித்தார்.

"வீடு எவ்வளவு பெரியது?"

"உள்பரப்பு 32 சதுர மீட்டர், அம்மா. சிறியதுதான். நகர்த்திப் பிரிக்கும் கதவு, அலமாரிகள், கைப்பிடிகள் எல்லாம் பொருத்தியே கொடுப்பார்கள். சக்கர நாற்காலி செல்லும் அளவுக்குக் குளியலறை அகலமாக இருக்கும்."

"எனக்கு ஒரு கட்டில், ஒரு சாமி படம், ஓர் அடுப்பு. போதும். எத்தனை ஆண்டுகளுக்கு?"

"15 முதல் 35 ஆண்டுகள்வரை குத்தகை. ஐந்தைந்து ஆண்டுகளாகக் கூட்டித் தேர்ந்தெடுக்கலாம். ஆனால், உங்களுக்குக் குறைந்தது 95 வயது ஆகும்வரை குத்தகை இருக்க வேண்டும்."

பாட்டிக்கு அப்போது 71 வயது. அவர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "அப்படியென்றால் 25 ஆண்டுகள். 96 வயதுவரை நான் இருப்பேன் என்று அரசாங்கமே நம்புகிறது. நீங்கள் ஏன் கவலைப்படுகிறீர்கள்?" என்றார். அப்பா அன்றுதான் முதன்முறையாகச் சிரித்தார்.

அடுத்ததாகப் பாட்டி கேட்டது சேவைகளைப் பற்றி. அங்கு வசிப்பவர்கள் அனைவரும் அடிப்படைச் சேவைத் தொகுப்பு ஒன்றைக் கட்டாயமாகப் பெற வேண்டும். 24 மணி நேர அவசர உதவி, அடிப்படை உடல்நலப் பரிசோதனை, வீட்டில் சிறு பழுதுகளைச் சரிசெய்தல், குடியிருப்பாளர்களுக்கான நடவடிக்கைகள் ஆகியவை அதில் அடங்கும். குடியிருப்பாளர்களை அறிந்து வழிகாட்ட ஒரு சமூக நிர்வாகியும் இருப்பார். குளிக்க வைத்தல், வீட்டைச் சுத்தம் செய்தல், துணி துவைத்தல், உணவு வழங்குதல் போன்ற கூடுதல் சேவைகளைத் தேவைப்படும்போது தனிக் கட்டணம் செலுத்திப் பெறலாம். பலரின் வீடுகள் ஒரே தளத்தில் இருப்பதால், ஒரு பராமரிப்பாளரின் உதவியைப் பலர் பகிர்ந்துகொள்ளவும் முடியும்.

"அதாவது, இப்போது எனக்கு வேண்டியது மட்டும். பிறகு வேண்டியது பிறகு" என்றார் பாட்டி.

குறைகளையும் அப்பா மறைக்கவில்லை. அந்த வீட்டை வெளிச்சந்தையில் விற்க முடியாது. வாடகைக்கு விடவும் முடியாது. வேண்டாமென்றால் வீவகவிடம் திருப்பிக் கொடுத்து, எஞ்சிய குத்தகைக் காலத்துக்குரிய தொகையைப் பெறலாம். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், அங்கு வாழும்வரை அடிப்படைச் சேவைக்குப் பணம் செலுத்தியாக வேண்டும். தாத்தா காலமான பிறகு விற்ற மூவறை வீட்டுப் பணத்தையும் தம் சேமிப்பையும் பாட்டி கணக்கிட்டுப் பார்த்தார். போதும் என்று முடிவுசெய்தார்.

6. சமையலறையில் நடந்த உரையாடல்

அன்றிரவு தண்ணீர் எடுக்கச் சென்றபோது, சமையலறை வாசலில் நின்றுவிட்டேன். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பாட்டி அருகில் நின்றார்.

"அத்தை, நான் ஏதாவது தவறாக நடந்துகொண்டேனா?" என்று அம்மா கேட்டார். அவருடைய குரல் உடைந்திருந்தது.

"நீ ஒரு தவறும் செய்யவில்லை. நீ சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று நான் போகவில்லை. கீழே விழுந்து கிடந்தபோது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இன்றைக்குக் கால் உடைந்திருந்தால், நாளைக்கு நீங்கள் எல்லாரும் மருத்துவமனையில் நின்றுகொண்டு எனக்காக ஒரு முடிவு எடுத்திருப்பீர்கள். அவசரத்தில் எடுத்திருப்பீர்கள். நான் என்ன விரும்புகிறேன் என்று கேட்க நேரம் இருந்திருக்காது. நல்லபடியாக நடக்கிறபோதே என் முடிவை நானே எடுத்துவிட வேண்டும்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு பாட்டியின் தோளைப் பற்றிக்கொண்டார். நான் தண்ணீர் எடுக்காமலேயே திரும்பிவிட்டேன்.

வீடுகளின் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு விண்ணப்பங்கள் வந்திருந்தன. ஆயினும், குலுக்கலில் பாட்டிக்கு ஒரு வீடு கிடைத்தது. கட்டி முடிக்கும்வரை சில ஆண்டுகள் காத்திருந்தார். சென்ற ஆண்டின் இறுதியில் குடியேறினார். பால் காய்ச்சும் நாளன்று நாங்கள் அனைவரும் சென்றோம். சித்தப்பா மட்டும் வரவில்லை.

7. அடுத்த வீட்டு அங்கிள்

புதிய வீட்டில் பாட்டி விரைவில் பழகிவிட்டார். ஒவ்வொரு தளத்திலும் அனைவரும் கூடிப் பேசுவதற்கு ஒரு பொது இடம் உள்ளது. காலையில் அங்கே உடற்பயிற்சி, மாலையில் அரட்டை. அடுத்த வீட்டில் ஒரு சீனத் தம்பதி. பாட்டிக்குச் சீனம் தெரியாது. அந்த ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியாது. இருவரும் தங்கள் இளமைக்காலச் சந்தை மலாய் மொழியில் பேசிச் சிரிப்பார்கள். எனக்கும் தம்பிக்கும் பாதிதான் புரியும்.

அங்கிளுக்கு ஏற்கெனவே மறதிநோயின் அறிகுறிகள் இருந்தன. தொடக்கத்தில் வாரம் சில முறை பராமரிப்பாளர் வந்து அவரைக் குளிக்க வைத்தார். பிறகு, பகலில் பராமரிப்பு நிலையத்துக்குச் சென்று வந்தார். ஒருநாள் நள்ளிரவில் பாட்டியின் கதவைத் தட்டினார். அதுதான் தம்முடைய வீடு என்று அவர் நினைத்துவிட்டார். பாட்டி அவரை உட்கார வைத்துவிட்டு, ஆன்ட்டியை எழுப்பினார். அதன் பிறகும் அவர் இரவில் வெளியே சென்றுவிடுவது தொடர்ந்தது. ஆன்ட்டி தூக்கமின்றித் தளர்ந்துபோனார்.

முடிவில், அங்கிளுக்குத் தாதிமை இல்லக் கவனிப்பு தேவை என்று மதிப்பிடப்பட்டது. இந்த வீடுகளில் வசிப்பவர்களுக்கு அத்தகைய தேவை ஏற்படும்போது, அருகிலுள்ள தாதிமை இல்லத்தில் முன்னுரிமை உண்டு. ஆகவே, அவருக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. ஆன்ட்டி தினமும் காலையில் பேருந்தில் சென்று, கணவருக்கு மதிய உணவு ஊட்டிவிட்டுத் திரும்புகிறார்.

"பக்கத்தில் கிடைத்தது நல்லதுதானே, பாட்டி?" என்று கேட்டேன்.

"நல்லதுதான். ஆனால், ஐம்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தவர்கள். இப்போது இடையில் ஒரு பேருந்துப் பயணம் இருக்கிறது. அதை எந்தத் திட்டத்தாலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது" என்றார் பாட்டி. சற்று நேரம் கழித்து, "அதனால்தான் அவள் திரும்பி வரும் நேரத்தில் நான் தேநீர் போட்டு வைக்கிறேன்" என்றார்.

இதை என் ஒப்படைப்பில் எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவசர உதவி, உடல்நலப் பரிசோதனை, பழுதுபார்ப்பு என்று சேவைகளைப் பட்டியலிட்டிருந்தேன். தேநீர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால், அந்தத் தளத்தில் அதுவும் ஒரு பராமரிப்புதான்.

8. ஆறு செயல்களும் ஏழாவது ஒன்றும்

சித்தப்பா பாட்டியின் வீட்டுக்கு முதன்முறையாக வந்தபோது நான்கு மாதங்கள் கடந்திருந்தன. வந்தவர், குளியலறைக் கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். எதிலும் குறை காணவில்லை. போகும்போது, "அம்மா, அடுத்த வாரம் வருகிறேன்" என்று மட்டும் சொன்னார். சொன்னபடியே வந்தார். உட்லண்ட்ஸ் வீட்டில் பாட்டி இருந்த காலத்தில் சித்தப்பா மாதம் ஒரு முறைதான் வருவார். இப்போது வாரம் ஒரு முறை வருகிறார். அப்பா தினமும் இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் அழைக்கிறார். ஒருநாள் வேலை மிகுதியால் அழைக்க மறந்தபோது, தூங்காமல் விழித்திருந்தது பாட்டி அல்லர், அப்பாதான்.

ஒப்படைப்பைச் சமர்ப்பிக்கும் முன்பு, பாட்டி எந்தப் படியில் இருக்கிறார் என்று அறிய விரும்பினேன். ஆறு செயல்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். குளித்தல், உடுத்துதல், உண்ணுதல், கழிவறை, நடமாடுதல், இடம் மாறுதல். ஒவ்வொன்றுக்கும் பாட்டி ஒரு விரலை மடக்கினார்.

"ஆறுக்கு ஆறு!" என்றேன்.

"இன்னும் ஒன்று கேட்கவில்லையே நீ" என்றார் பாட்டி. தம் கால்களைக் காட்டினார். "குனிந்து கால் நகம் வெட்ட முடியவில்லை. கண்ணும் சரியாகத் தெரியவில்லை."

"அதற்கு யார் வருகிறார்கள், பாட்டி? பராமரிப்பாளரா?"

பாட்டி பதில் சொல்லவில்லை. சமையலறையிலிருந்து அம்மா வந்தார். ஒரு சிறிய முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாட்டியின் காலைத் தம் மடியில் வைத்துக்கொண்டார். கையில் நகவெட்டி இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா இதைச் செய்து வந்திருக்கிறார். நான்தான் இதுவரை கவனிக்கவில்லை.

அன்றிரவு என் ஒப்படைப்பின் முடிவுரையை மாற்றி எழுதினேன். 'மூத்தோரைப் பராமரிப்பது குடும்பத்தின் கடமையா, சமூகத்தின் கடமையா?' என்று நான் முன்பு எழுதியிருந்தேன். அந்தக் கேள்வியை அடித்துவிட்டு, 'எந்த வேலையை யார் செய்தால் மூத்தவர் தம் வாழ்க்கையைத் தாமே நடத்திக்கொள்ள முடியும்?' என்று எழுதினேன். அந்தக் கேள்வியை முதலில் மூத்தவரிடமே கேட்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

கருத்தறிதல்

1. பாட்டி பணிப்பெண் வேண்டாம் என்று மறுத்ததற்குக் கூறிய காரணம் யாது?
2. 'இப்போது எனக்கு வேண்டியது மட்டும். பிறகு வேண்டியது பிறகு' என்னும் பாட்டியின் கூற்றைப் பராமரிப்பின் படிகளோடு தொடர்புபடுத்தி விளக்குக.
3. அமெரிக்காவில் உள்ள மூத்தோர் குடியிருப்புகளுக்கும் சிங்கப்பூரில் பின்பற்றப்படும் முறைக்கும் இடையிலுள்ள வேறுபாடு என்ன?
4. அடுத்த வீட்டு அங்கிளுக்குக் கிடைத்த பராமரிப்பு எந்த எந்தப் படிகளில் மாறியது? வரிசைப்படுத்தி எழுதுக.
5. சித்தப்பாவின் மனநிலையில் ஏற்பட்ட மாற்றத்தை எந்தச் செயல்களின்வழி அறிகிறோம்?

கலந்துரையாடுவோம்

• 'நல்லபடியாக நடக்கிறபோதே என் முடிவை நானே எடுத்துவிட வேண்டும்.' பாட்டியின் இந்தக் கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? ஏன்?
• இத்தகைய வீட்டில் குடியேறுவதால் ஏற்படும் நன்மைகளையும் குறைகளையும் குழுவாகப் பட்டியலிடுங்கள். பாட்டியின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன முடிவெடுத்திருப்பீர்கள்?

எழுதுவோம்

உங்கள் குடும்பத்திலோ அக்கம்பக்கத்திலோ உள்ள மூத்தவர் ஒருவரிடம் பேசுங்கள். அவர் தாமாகச் செய்ய விரும்பும் வேலைகள் எவை, பிறர் உதவியை விரும்பும் வேலைகள் எவை என்று கேட்டறிந்து, 150 சொற்களுக்குக் குறையாமல் எழுதுக.